ஆள்காட்டியும் வானொலிப் பெட்டியும்

சென்ற கோடை விடுமுறையில் மல்லாங்கிணற்றில் உள்ள நம் பூர்வீக வீட்டில் தங்கியிருந்தோம். ஓர் இரவு மின்சாரம் போய்விட்டது. மொட்டை மாடியில் பாய் விரித்து எல்லோரும் படுத்திருந்தோம். நான்காம் வகுப்பு முடித்திருந்த நம் மகள் கைபேசியில் குழந்தைகளுக்கான ஆங்கில வலையொலி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தென்துருவத்தின் கடுங்குளிரில் பெங்குவின்கள் நெருக்கியடித்து நின்று ஒன்றன் வெப்பத்தை ஒன்று பகிர்ந்துகொள்வதையும், கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவை மெல்ல மெல்ல நடுவுக்கு இடம் மாறுவதையும் அந்தக் குரல் அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே நாமும் ரசித்துத்தான் கேட்டோம்.

அப்போது கண்மாய்ப் பக்கமிருந்து பறவையொன்று அலறிற்று. விட்டுவிட்டு, ஆனால் விடாமல். சிறுமி கைபேசியை நிறுத்தினாள்.

"அப்பா, அது என்ன சத்தம்?"

நாம் வாய் திறப்பதற்குள் இருட்டிலிருந்து நம் தாயார் பதில் சொன்னார். "ஆக்காட்டிக்குருவித்தா. கம்மாய்க்குள்ள யாரோ நடமாடுறாக."

"யாருன்னு சொல்லுமா, அப்பத்தா?"

"யாருன்னு சொல்லாது. ஆளு வருதுன்னு சொல்லும்."

அதன் பிறகு பெங்குவின்களிடம் அவள் திரும்பிச் செல்லவில்லை. அந்தப் பறவை எங்கே தூங்கும், இருட்டில் அதற்கு எப்படிக் கண் தெரியும், கூடு எங்கே கட்டும் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாதிக்குத் தாயாரிடம் விடை இருந்தது. மீதிக்கு நம்மிடமும் இல்லை. உலகத்தின் மறுமுனையில் வாழும் பறவையைப் பற்றி இத்தனை சொல்லத் தெரிந்த கருவிக்கு, இருநூறு அடி தொலைவில் கத்தும் பறவையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லாமற் போனது நம்மை வெகுநேரம் தூங்கவிடவில்லை. குழந்தைகளுக்கு அறிவியலைக் காதின் வழியே சொல்லும் முயற்சி நமக்குப் புதிதன்று. அதற்குத் தமிழில் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு துண்டு இதே வீட்டின் திண்ணையில் நடந்தேறியது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் சாலையில் உள்ளது மல்லாங்கிணறு. பெயரிலேயே கிணற்றை வைத்துக்கொண்டிருப்பது இந்த ஊரின் தாகத்துக்குச் சாட்சி. அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி என்று விரியும் இந்தப் பகுதி கரிசலும் செவலும் மாறிமாறி வரும் மானாவாரி பூமி. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை நம்பியிருக்கிறது. கண்மாய் பெருகினால் வெள்ளாமை, இல்லையேல் கரிமூட்டம் என்பது அண்மைக்காலம் வரை இங்கே வாழ்க்கைக் கணக்கு. இலக்கிய வாசகர்களுக்கு இவ்வூர் வேறொரு வகையில் அறிமுகமாகியிருக்கும். எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனும் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்த மண் இது.

வெறும் பொட்டல் என்று பேருந்தின் சன்னலிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். இது கண்ணின் முடிவு. காதின் முடிவு அதுவன்று. காட்சிக்கு வறண்டிருக்கும் நிலத்தில் ஒலிக்குப் பஞ்சமில்லை. பனையோலைகளில் காற்று உரசும் சரசரப்பு, கவுதாரியின் விடிகாலைக் கூப்பாடு, முதல் மழை பெய்த இரவில் மண்ணுக்குள்ளிருந்து புறப்பட்டு வந்தாற்போல் கண்மாய் முழுதும் எழும் தவளைக் கச்சேரி, மயிலின் அகவல், செம்போத்தின் அடித்தொண்டைக் குரல். தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களை அடுக்கும்போது மா, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துச் சொன்னார். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கேயுரிய ஓசை உண்டு என்ற அறிதல் அதனுள் இருக்கிறது. மாணவர்களுக்கு அந்த நூற்பாவை ஆண்டுதோறும் நடத்தும் நாம், அதன் பொருளை அந்த மொட்டை மாடியில்தான் முழுதாக உணர்ந்தோம்.

*

தமிழ்நாட்டில் வானொலி தொடங்கியது ஓர் ஆர்வலர் கூட்டத்தின் முயற்சியால். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924-ஆம் ஆண்டு மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை நிறுவினார். அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கிற்று. பணமுடையால் 1927-இல் அது நின்றுபோக, கருவிகளைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. வானொலிப் பெட்டி வாங்க இயலாத மக்கள் அவற்றின் கீழே கூடி நின்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் வானொலி கேட்டல் தொடக்கத்திலேயே கூடிக் கேட்கும் செயலாக இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. திருநெல்வேலிக்கு 1963-இலும் மதுரைக்கு 1980களின் பிற்பகுதியிலும் நிலையங்கள் வந்தன. நம் வறண்ட பகுதி இவற்றுக்கு நடுவே இருந்ததால் பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பினால் ஒன்று போய் ஒன்று கேட்கும். கடல் கடந்து வந்த இலங்கை வானொலி பல நேரங்களில் இவை எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கேட்டது. ஊராட்சி வானொலிப் பெட்டி மாலையில் உழவர்களுக்கு நெல்லும் உரமும் பேசியது. வாரக் கடைசியில் சிறுவர் நிகழ்ச்சிகள் பாட்டும் நாடகமும் கதையும் தந்தன.

அறிவியலைத் தமிழில் எளிமையாகச் சொல்லலாம் என்ற நம்பிக்கை வானொலி வருவதற்கு முன்பே இங்கு வேர் பிடித்திருந்தது. பெருங்குளத்தில் 1891-இல் பிறந்து வழக்கறிஞராகத் தொழில் செய்த பெ.நா. அப்புசாமி, உறவினரான அ. மாதவையாவின் தூண்டுதலால் அறிவியல் கட்டுரைகள் எழுதத் தொடங்கியவர். 1986-இல் மறையும்வரை அந்தப் பணியை அவர் விடவில்லை. அவருடைய வாக்கியங்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவை காதுக்காக எழுதப்பட்டவை போலிருக்கும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. முதலில் கண்ட பொருள், பிறகு காணாத பொருள். கலைச்சொல் வருவதற்கு முன்னால் அந்தச் சொல்லின் தேவை வாசகர் மனத்தில் உண்டாக்கப்பட்டிருக்கும்.

இது சிறிய விஷயமன்று. அச்சில் 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லைக் காணும் சிறுவன் அங்கேயே நின்று மறுபடி படிக்கலாம். காதில் விழுந்த சொல் போனால் போனதுதான். அதிலும் தமிழில் எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கிறது. புணர்ச்சியில் ஒட்டிய நெடுந்தொடர் தாளில் கம்பீரமாக இருக்கும், ஒலிபெருக்கியில் சிறுவனை வீட்டை விட்டு விரட்டும். ஆகவே குழந்தைகளுக்கான அறிவியல் ஒலிபரப்பு தமிழில் இரட்டைச் சவாலை எதிர்கொண்டது: செய்தியும் சரியாக இருக்க வேண்டும், மொழியும் வீட்டு மொழியாக இருக்க வேண்டும்.

*

இந்தியாவில் அந்தச் சவாலைப் பெரிய அளவில் ஏற்ற முயற்சி ஒன்று உண்டு. இன்று அதை நினைவுகூர்பவர்கள் மிகச் சிலரே.

மைய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் 1982-இல் தேசிய அறிவியல் தொழில்நுட்பப் பரிமாற்றக் குழு அமைக்கப்பட்டது. அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்வதே அதன் வேலை. அந்தக் காலத்தின் சூழலையும் நினைவில் கொள்ள வேண்டும். 1980-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஊர்களுக்குள் வந்துகொண்டிருந்தது. 1987-இல் நாடு முழுதும் மக்கள் அறிவியல் கலைப்பயணங்கள் நடந்தன. அதே ஆண்டில் 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழ் பிறந்தது. தொலைக்காட்சி நகரத்துச் செல்வமாக இருந்த அந்நாளில் சிற்றூர்ச் சிறுவரை எட்டக்கூடிய ஒரே மின்கருவி வானொலிதான்.

அக்குழுவும் அகில இந்திய வானொலியும் சேர்ந்து 1980களின் இறுதியில் அறிவியல் முறை என்றால் என்ன என்பதைப் பற்றிய 13 பகுதித் தொடரை ஒலிபரப்பின. அதன் பின்னர் வந்ததுதான் பெரிய தொடர். மனிதப் பரிணாமத்தைப் பற்றிய அத்தொடர் 144 பகுதிகள் கொண்டது. 1991-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி, வாரம் ஒன்றாக, ஏறத்தாழ மூன்றாண்டுகள் நடந்தது. தமிழ் உட்பட 18 இந்திய மொழிகளில், நாடெங்கும் ஏறத்தாழ 80 நிலையங்கள் அதை ஒலிபரப்பின. ஒரு லட்சம் சிறுவர்களும் 10,000 பள்ளிகளும் நேயர்களாகத் தம்மைப் பதிவு செய்துகொண்டனர். பதிவு செய்தவர்களுக்குச் சுவரொட்டிகளும் பிற அச்சுப் பொருள்களும் அஞ்சலில் வந்தன. கேட்டதைக் கண்ணால் காணவும் கையால் செய்து பார்க்கவும் அவை துணையாயின. கணிப்பொறியும் இணையமும் இல்லாத காலத்தில் ஒரு நாடு தன் குழந்தைகளுக்குச் சொன்ன மிக நீண்ட அறிவியல் கதை அது எனலாம். அக்குழுவை வழிநடத்திய நரேந்தர் சேகலுக்கு யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு 1991-இல் கிடைத்தது.

அப்போது நம் வயது பதினொன்று. இன்றைய விருதுநகர் மாவட்டம் அன்று காமராசர் மாவட்டம். ஆறாம் வகுப்பில் நமக்கு அறிவியல் நடத்திய ஆசிரியர் ஒருவர், வகுப்பில் சிலரைத் தேர்ந்து பெயர்களை எழுதி அஞ்சலட்டைகளை அனுப்பினார். நம் வீட்டுத் திண்ணை அகலமானது என்பதாலும், மர்பி வானொலிப் பெட்டி ஒன்று இருந்ததாலும் நம் வீடே கேட்குமிடம் ஆயிற்று. ஞாயிறுதோறும் ஏழெட்டுச் சிறுவர்கள் கூடுவோம். ஆசிரியரும் மிதிவண்டியில் வருவார். வெற்றிலை உரலோடு அப்பத்தாவும் ஓரமாக அமர்ந்துகொள்வார். மின்கலம் தீர்ந்துபோகும் வாரங்களில் பெட்டியின் குரல் கம்மும். அந்த வாரம் எல்லோருடைய தலைகளும் பெட்டியை நெருங்கிவிடும்.

தொடக்கத்தில் ஒன்றும் புரியவில்லை என்பதே உண்மை. கோடி ஆண்டுகள், லட்சம் ஆண்டுகள் என்று எண்கள் தலைக்கு மேலே பறந்தன. பரிணாமம், மூதாதையினம் முதலிய சொற்கள் செய்தி வாசிப்பதுபோல் வந்து விழுந்தன. ஒரு ஞாயிறு நிகழ்ச்சி முடிந்ததும் அப்பத்தா ஆசிரியரை நேரே பார்த்துக் கேட்டார்.

"ஏஞ்சாமி, நாம கொரங்குலருந்தா வந்தோம்? இதப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கலாமா?"

நாங்கள் சிரித்தோம். ஆசிரியர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அப்பத்தாவிடமே திருப்பிக் கேட்டார். "மேலத்தெரு வீட்டுக்காரவுகளும் நீங்களும் என்ன முறை ஆத்தா?"

"பங்காளிக."

"அப்ப அவுகளுக்கு நீங்க பெறந்தீகளா?"

"அதெப்படி? எங்களுக்கும் அவுகளுக்கும் பாட்டன் ஒருத்தன்."

"அம்புட்டுத்தான் ஆத்தா. கொரங்குக்கு நாம பெறக்கல. கொரங்கும் நாமளும் பங்காளிக. பாட்டன் ரொம்பத் தூரத்துல இருக்காரு."

அப்பத்தா வெற்றிலையை இடிப்பதை நிறுத்தினார். பிறகு, "பங்காளின்னா வெள்ளாமைய அழிக்கத்தான செய்வான். அதான் கொரங்கு வந்தா கடலைக்காட்ட விடுறதில்ல" என்றார். திண்ணை முழுக்கச் சிரிப்பு.

உயிரினங்களுக்குப் பொதுவான மூதாதை உண்டு என்னும் கருத்தை, அதாவது பரிணாமக் கொள்கையின் உயிர்நாடியை, அதற்குப் பின் கல்லூரி நூல்களிலும் ஆங்கிலப் புத்தகங்களிலும் எத்தனையோ முறை படித்துவிட்டோம். 'பங்காளி' என்ற ஒற்றைச் சொல்லைவிடத் துல்லியமான விளக்கத்தை இதுவரை கண்டதில்லை. ஏணிப்படியில் குரங்கு கீழேயும் மனிதன் மேலேயும் நிற்பதாகப் படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்க, பள்ளிக்கூடம் போகாத ஒரு கிழவிக்கு அது கிளைவிட்ட மரம் என்று ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

அந்த விளக்கம் வானொலியிலிருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் வானொலி இல்லாமலும் வந்திராது. தில்லியில் திட்டமிடப்பட்டு, மொழிபெயர்க்கப்பட்டு, நிலையத்தில் ஒலிப்பதிவாகி வந்த குரல் பாதி வேலையைச் செய்தது. மீதி வேலையைத் திண்ணை செய்தது. கேட்டபின் பேசுவதற்கு ஆளும் நேரமும் இருந்ததால்தான் செய்தி அறிவாக மாறிற்று. பத்தாயிரம் பள்ளிகளைப் பதிவு செய்த ஏற்பாட்டின் உண்மையான மதிப்பு எண்ணிக்கையில் இல்லை. கூடிக் கேட்பதற்கு ஒரு காரணத்தை ஏற்படுத்தியதில் இருக்கிறது.

பின்னாளில் படித்தறிந்த ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியப் பழங்கற்கால ஆய்வைத் தொடங்கிவைத்தது. அவர் அதே ஆண்டில் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆப்பிரிக்காவில் தொடங்கிய கதையின் ஓர் அத்தியாயம் நம் வாசலில் நடந்திருக்கிறது. குழந்தைக்குச் சொல்லும் அறிவியல் எங்கே தொடங்கினாலும், அதன் வாசலுக்கு ஒருமுறை வந்து போக வேண்டும்.

*

இங்கே சற்று மேற்கே பார்ப்போம். பிபிசி வானொலி 1922 முதல் 1964 வரை குழந்தைகள் நேரம் என்ற நிகழ்ச்சியை நடத்திற்று. அதில் 1932 முதல் 'ரொமனி' என்ற பெயரில் பேசியவர் ஜி. பிராம்வெல் ஈவன்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர். ராக் என்ற தன் நாயுடனும் இரண்டு சிறுமியருடனும் அவர் வயல்வெளியில் உலாப் போவார். வழியில் காணும் பறவை, முயல், பூ, பூச்சி ஆகியவற்றைப் பற்றி உரையாடல் நடக்கும். கேட்ட குழந்தைகள் எல்லாரும் அவர் உண்மையிலேயே ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு வயலில் நடக்கிறார் என்றே நம்பினார்கள். உண்மையில் அவ்வளவும் நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள், எழுதி வைத்த பிரதியைக் கொண்டும் செயற்கை ஓசைகளைக் கொண்டும் நடந்த நாடகம். 1943-இல் அவர் காலமானபோது பிரிட்டனின் குழந்தைகள் தம் வீட்டுப் பெரியவரை இழந்ததுபோல் வருந்தினர்.

அது ஏமாற்று அன்றோ என்று கேட்கலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த உலாவைக் கேட்ட குழந்தைகள் மறுநாள் தம் ஊர் வேலியோரத்தில் அதே பறவையைத் தேடினார்கள். அவர் சொன்ன உயிர்கள் அனைத்தும் அவர்களுடைய மண்ணில் இருந்தவை. நிலையத்துக்குள் உருவான குரல் கேட்பவரை வெளியே அனுப்பிவைத்தது. குழந்தைகளுக்கான இயற்கை ஒலிபரப்புக்கு இதைவிடச் சிறந்த உரைகல் இல்லை: முடிந்தபின் குழந்தை எழுந்து வெளியே போகிறதா, அல்லது அடுத்த பகுதியைத் தட்டுகிறதா?

*

நம் திண்ணைக் கூட்டம் 144 பகுதிகளையும் கேட்டு முடிக்கவில்லை. ஆசிரியர் மாற்றலாகிப் போனார். தொலைக்காட்சிப் பெட்டிகள் தெருவுக்கு இரண்டு என்று வந்துவிட்டன. சன் தொலைக்காட்சி தொடங்கியது 1993 ஏப்ரலில். வானொலியில் மனிதன் கல்லைத் தீட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில் வீட்டுக் கூரைகளில் வட்டத் தட்டுகள் முளைத்தன. ஞாயிற்றுக்கிழமைகள் கைமாறின. மர்பி பெட்டி பரணுக்குப் போயிற்று.

போனது போகட்டும். நம்மை வருத்துவது வேறொன்று. அக்கால வானொலி, பேசிய கணத்தோடு முடிந்துவிடும் கலை. ஒலிநாடா விலை உயர்ந்த பொருள். ஒன்றை ஒலிபரப்பியபின் அதை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிவதே பெரும்பாலான நிலையங்களின் வழக்கம். இசைக் கச்சேரிகள் பல காப்பாற்றப்பட்டன. பெருந்தலைவர்களின் உரைகள் காப்பாற்றப்பட்டன. சிறுவர் நிகழ்ச்சியைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பவர் அரிது. நம் கூட்டத்தில் இருந்த நண்பர்களைச் சில ஆண்டுகளுக்கு முன் தேடிப் பிடித்து விசாரித்தோம். ஒருவர் அருப்புக்கோட்டையில் நூல் வணிகம் செய்கிறார். ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். எவரிடமும் ஒரு நிமிடக் குரல்கூட இல்லை. மடித்த இடங்களில் கிழிந்துபோன சுவரொட்டி ஒன்று மட்டும் ஒரு வீட்டுத் தகரப் பெட்டிக்குள் கிடைத்தது. ஆனால் பங்காளிக் கதை மூவருக்கும் நினைவிருந்தது.

ஓலைச்சுவடிகளைக் கறையான் அரித்தது என்று பெருமூச்சு விடுகிற தமிழாசிரியர்கள் நாம். நம் கண்ணெதிரே, நம் காதெதிரே, முப்பதே ஆண்டுகளில் போனவற்றுக்குப் பெருமூச்சு விடக்கூட மறந்துவிட்டோம்.

*

இப்போது காலம் மற்றொரு சுற்று வந்திருக்கிறது. 2004 பிப்ரவரியில் 'கார்டியன்' நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் போகிறபோக்கில் எழுதிய சொல் பாட்காஸ்ட். வலையொலி என்று நாம் தமிழில் வழங்குகிறோம். இதில் நேரக் கட்டுப்பாடு இல்லை. தவறவிட்டால் மறுபடி கேட்கலாம். அழியும் அச்சம் குறைவு. நிலையம், கோபுரம், உரிமம் ஏதும் வேண்டா.

அமெரிக்கப் பொது வானொலிகள் இவ்வடிவத்தில் குழந்தைகளுக்கான அறிவியலை வளர்த்தெடுத்தன. 2012-இல் தொடங்கிய 'பிரெய்ன்ஸ் ஆன்' நிகழ்ச்சியில் ஒவ்வொரு பகுதியையும் ஒரு குழந்தை உடனிருந்து நடத்துகிறது. நடுவே ஓர் ஒலியை மட்டும் ஒலிக்கவிட்டு இது என்ன என்று கேட்கும் புதிரும் உண்டு. நம் விடுகதை மரபின் உறவுக்காரப் பிள்ளை என்று அதைச் சொல்லத் தோன்றுகிறது. 2016-இல் வெர்மான்ட் பொது வானொலி தொடங்கிய 'பட் ஒய்' குழந்தைகள் அனுப்பும் கேள்விகளாலேயே நடப்பது. 2017-இல் வந்த 'வாவ் இன் த வேர்ல்ட்' அறிவியல் ஆய்வுகளை நகைச்சுவை நாடகமாக்கிற்று. காரில் போகும் குடும்பங்கள் ஒன்றாகக் கேட்கின்றன. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் கேட்கின்றன. இங்கே மல்லாங்கிணற்று மாடியிலும் கேட்கிறது.

இவற்றை நாம் குறைகூறவில்லை. மிகுந்த உழைப்பும் நேர்மையும் அவற்றில் இருக்கின்றன. நாம் சொல்ல வருவது வேறு. வெர்மான்டின் குழந்தை கேட்கும் கேள்வி அதன் வீட்டு வாசலில் உதிரும் மேப்பிள் இலையைப் பற்றியது. அந்தக் கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது. முதல் மழைக்குக் கரிசலில் ஊர்ந்து வரும் சிவந்த பட்டுப்பூச்சியைப் பற்றி நம் குழந்தை கேட்கும் கேள்வியை யாருக்கு அனுப்புவது? ஈயல் மூதாய் என்று சங்கப் புலவர்கள் பெயரிட்டு, மழை கண்ட முல்லை நிலத்தின் அடையாளமாகப் பாடி வைத்த உயிர் அது. பூச்சி இனத்திலேயே சேராதது, எட்டுக் கால் கொண்டது, சிலந்திக்கு உறவு என்று குழந்தைக்குச் சொன்னால் அது உடனே காலை எண்ணிப் பார்க்க ஓடும். இலக்கியமும் அறிவியலும் ஒரே உள்ளங்கையில் ஊர்ந்து போகும் காட்சி அது.

நம் மாவட்டத்தின் மேற்கே திருவில்லிபுத்தூர் மலையில் சாம்பல்நிற அணிலுக்கு 1980களின் இறுதியிலிருந்தே சரணாலயம் இருக்கிறது. மலைக்கும் காட்டுக்கும் பேசுவதற்கு ஆட்கள் உண்டு. கிழக்கே உள்ள பொட்டலுக்குத்தான் இல்லை. ஆனால் முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 1989 முதல் பறவைகள் சரணாலயங்கள். 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் அவை இடம்பெற்றன. நாம் ஓயாது திட்டும் சீமைக்கருவேல மரத்தின்மேல் அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அந்த மரத்தை வேரோடு களைவது 2017-இல் நீதிமன்றம் வரை சென்ற விவகாரம். நிலத்தடி நீரும் விறகும் கரிமூட்டக் கூலியும் நாரைக்கூடும் ஒரே மரத்தில் சிக்கிக் கிடக்கின்றன. பத்து வயதுக் குழந்தை கேட்பதற்கு இதைவிடச் சிறந்த அறிவியல் கதை எது? நல்லது கெட்டது என்று எளிதில் பிரித்துவிட முடியாத உலகத்தை அது காட்டிக்கொடுக்கும்.

*

மறுநாள் காலை நாமும் மகளும் கண்மாய்க்குப் போனோம். தாயார் வழி சொல்லியனுப்பினார். தண்ணீர் வற்றிய கரையோரச் சரளையில், கூடென்று சொல்லத்தக்க ஏதுமின்றி, வெறுந்தரைக் குழிவில் நான்கு முட்டைகள். கல்லோடு கல்லாக இருந்த அவற்றை மூன்று முறை கடந்தபின்தான் கண்டோம். தலைக்கு மேலே இரண்டு ஆள்காட்டிகள் வட்டமிட்டுக் கதறின. நாம் விலகி, கருவேல நிழலில் நின்றோம். சற்றுப் பொறுத்து ஒரு பறவை வந்தமர்ந்தது. அதன் வயிற்று இறகு ஈரமாக இருந்தது. கடும் வெயிலில் ஆள்காட்டி நீரில் வயிற்றை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும் என்பது பறவையியலார் பதிவு செய்திருக்கும் செய்தி. தென்துருவத்தில் பெங்குவின் குஞ்சைக் காக்கக் கதகதப்பைச் சேமிக்கிறது. மல்லாங்கிணற்றில் ஆள்காட்டி முட்டையைக் காக்க ஈரத்தைச் சுமக்கிறது. மகளே அவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாள். "அங்க சூடு வேணும், இங்க குளிர்ச்சி வேணும்ல அப்பா?" என்றாள். முந்தைய இரவு ஆங்கிலக் குரல் சொன்னது வீண் போகவில்லை. அது வந்து சேர ஓர் இடம் தேவைப்பட்டது. அவ்வளவுதான்.

அன்றிரவு கைபேசியில் ஆள்காட்டியின் குரலைப் பதிவு செய்தோம். தொடர்ந்து தாயார் அதைப் பற்றிச் சொல்வதையும் பதிவு செய்தோம். காலை மேலே தூக்கிக்கொண்டு அது தூங்கும், வானம் விழுந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று அதற்கு நினைப்பு என்றார். இது அறிவியலா என்றாள் மகள். கதை என்றோம். எது கதை, எது அறிவியல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குத்தான் முன்பு 13 பகுதிகளில் ஒரு தொடர் போட்டார்கள் என்று நமக்குள் சொல்லிக்கொண்டோம். போய்ப் பார்த்தால் தெரியும் என்று அவளிடம் சொன்னோம்.

வரலாறு நமக்குச் சொல்வது எளிமையான ஒன்று. பூங்கா ஒலிபெருக்கிக் காலத்திலிருந்து திண்ணை மர்பி வரை, காதின் வழியே வந்த அறிவு நம்மிடையே நிலைத்தது அருகில் ஓர் ஆளும் வெளியே ஒரு நிலமும் இருந்தபோது மட்டுமே. இன்று குரல்கள் ஏராளம். செவிக்குள் செருகிக்கொள்ளும் கருவியில் குழந்தை தனியாகக் கேட்கிறது. அந்தக் கருவியைக் கழற்றி, ஒலியைப் பாயின் நடுவே வைப்பது நம் கையில்தான் உள்ளது. இந்த மண்ணின் பறவைகளையும் பெரியவர்களையும் அவர்கள் இருக்கும்போதே பதிந்து வைப்பதும் நம் கையில்தான் உள்ளது. வாசகர்களில் எவரேனும் அந்த 144 பகுதிகளில் ஒன்றையாவது ஒலிநாடாவில் பிடித்து வைத்திருந்தால், தயவுசெய்து தூசி தட்டிக் காப்பாற்றுங்கள். நம் பங்காளிகளின் கதை அதில் இருக்கிறது.